எலும்பில் வேர் விட்ட சாட்சி

அந்த ஜாடியைப் பார்த்ததும் கொழுந்தனுக்கு முதலில் தோன்றியது, இதற்காகவா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தோம் என்பதுதான்.

ஒரு சாண் உயரக் கண்ணாடி ஜாடி. உள்ளே பொட்டு ஈரமில்லை. அடியில் சுருண்டு கிடந்த காகிதத் துண்டு ஒன்று. அதன்மேல், பழைய சீப்பில் சிக்கிய முடி மாதிரி, செக்கச் சிவந்த ஓர் இணுக்கு.

"இதுதான் புழுவா?"

"திங்கக்கிழமை வரைக்கும் இதுதான் புழு," என்றார் அருங்காட்சியக இயக்குநர். மூன்று நாளாகத் தூங்காத முகம். "இந்த இனத்துக்கு உலகத்துலயே மூலப் பிரதின்னு இருக்கறது இது ஒண்ணுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, மூவாயிரம் மீட்டர் ஆழத்துல, செத்து முங்கின திமிங்கிலத்தோட எலும்புலேர்ந்து எடுத்தது. நாளைக்கு யாரு எந்தக் கடல்ல ஒரு புழுவைப் பிடிச்சாலும், இதுவும் அதுவும் ஒண்ணான்னு இதோட வச்சுப் பாத்துத்தான் சொல்லணும்."

"இனிமே எதோட வச்சுப் பாப்பாங்க?"

"அதைத்தான் பேராசிரியர் கேப்பார். கண்டுபிடிச்சவர் அவர். நாலு மணிக்கு வர்றார்." இயக்குநர் மேஜையில் கிடந்த ஒரு தாளைத் தள்ளினார். "அவர் வர்றதுக்குள்ள இதுல நான் கையெழுத்துப் போட்டிருக்கணும்."

அது ஒரு வேலைநீக்க உத்தரவு. கீழ்த்தளத்தில் எட்டாயிரம் ஜாடிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு. அவரை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஜாடியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மூடி தளர்ந்திருந்தது, உள்ளே இருந்த ஸ்பிரிட் ஆவியாகிவிட்டது, புழு காய்ந்துவிட்டது, தவறு என்னுடையது என்று ஜாடியம்மாவே எழுதிக் கொடுத்த கடிதமும் கூடவே இருந்தது.

கூட வந்திருந்த அண்ணி இரண்டையும் படித்தாள். காப்பீட்டுக் கம்பெனியில் பதினெட்டு வருஷம், எரிந்த கிடங்குகளும் மூழ்கிய லாரிகளும் உண்மையிலேயே எரிந்தனவா, மூழ்கினவா என்று பார்த்துச் சொல்வது அவளுடைய வேலை. அதை விட்டு, தனியாக ஓர் அறை எடுத்துத் துப்பறிய உட்கார்ந்தபோது உதவிக்கு என்று வந்து சேர்ந்தவன் கொழுந்தன். அவன் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோ அந்த வருஷம்தான் மூடிக்கிடந்தது. திறமை பார்த்து எடுத்த ஆள் இல்லை. புருஷனின் தம்பியை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் எடுத்த ஆள்.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க. எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றாள் அண்ணி.

"இருபத்திரண்டு வருஷத்துல அந்தம்மா ஒரு மூடியைத் தளர விட்டதில்ல. பக்கத்து ஜாடியில அரை விரக்கடை குறைஞ்சாலும் என்கிட்ட வந்து சண்டை போடுவாங்க. ஆனா இதுக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. போதாததுக்கு, இந்த மிச்சத்தைப் பேராசிரியர் பாக்க வேண்டாம், மனசு கஷ்டப்படுவார், எரிச்சுடலாம்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "நான் நிர்வாகம் படிச்சவன். புழு படிக்கல. ஆனா அது எனக்கு உறுத்துது. கவனக்குறைவுன்னா கையெழுத்துப் போடறேன். வித்துட்டாங்கன்னா போலீசைக் கூப்பிடறேன். எதுன்னு சொல்லுங்க."

மணி ஒன்றே கால்.

கீழ்த்தளத்துக்குப் போகும் நடையில், ஆளுயரத்துக்கு ஒரு வண்ணப் புகைப்படம் மாட்டியிருந்தார்கள். கடலடி இருட்டில் வெளிச்சம் பாய்ச்சி எடுத்தது. எலும்பே தெரியாத அளவுக்கு அதன்மேல் சிவப்புச் சிவப்பாக இறகுப் பூக்கள். கொழுந்தன் கீழே இருந்த விளக்கத்தை உரக்கப் படித்தான்.

"இந்தப் புழுவுக்கு வாய் இல்லை. வயிறும் இல்லை. எலும்புக்குள் வேர் விட்டு உணவை உறிஞ்சும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெண் புழுக்கள். ஆண்கள் மிகச் சிறியவை. பெண்ணின் குழாய்க்குள்ளேயே டஜன் கணக்கில் வாழ்ந்து, வெளியே வராமலே மடிகின்றன." அவன் நிமிர்ந்தான். "அண்ணி, வீட்டோட மாப்பிள்ளைன்னு கேள்விப்பட்டிருக்கேன். இது வீட்டுக்குள்ள ஒரு சத்திரமே நடக்குது."

"நடையைக் கட்டு."

"வாயில்லாத சாட்சி. பேச்சே வராது. நம்ம தொழில்ல இதுக்கு மேல என்ன சோதனை வேணும்?"

கீழ்த்தளம் குளிர்ந்து கிடந்தது. வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றில் தோளோடு தோள் உரசி ஜாடிகள். ஜாடியம்மா ஐம்பதை ஒட்டியவர். கையில் துடைக்கும் துணி. ஏற்கெனவே துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அது கொழுந்தனின் கண்ணுக்குத் தப்பவில்லை. விரல் ரேகையை அழிக்கிறாரோ என்று நினைத்தான்.

"நான்தான் எழுதிக் குடுத்துட்டேனே," என்றார் ஜாடியம்மா. "இன்னும் என்ன?"

"எனக்கு இந்த வேலை புதுசு. கத்துக்கலாம்னு வந்தேன்," என்றாள் அண்ணி. "பொதுவா ஒரு மூடி தளர்ந்துபோச்சுன்னா, உள்ள என்ன ஆகும்?"

"ஸ்பிரிட்டுல தண்ணியும் கலந்திருக்கும். ஸ்பிரிட்டு முதல்ல போயிடும். தண்ணி கடைசி வரைக்கும் நிக்கும். அப்புறம் அந்தத் தண்ணியில ஊறி, பூஞ்சை பிடிச்சு, திறந்தா நாலு நாளைக்குச் சோறு இறங்காது, அப்படி நாறும்."

சொல்லி முடித்துவிட்டுத்தான் ஜாடியம்மாவுக்கு, தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. துணி நின்றது. மேலே இயக்குநர் அறையில் இருந்த ஜாடியை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தவன் கொழுந்தன். கண்ணாடி வாசனையைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

அண்ணி அதைத் தொடாமல் அடுத்ததற்குப் போனாள். "மூலப் பிரதிங்க இருக்கற அலமாரிக்குச் சாவி?"

"ஒண்ணுதான். என்கிட்ட."

"ராத்திரியில?"

"வீட்டுல, சமையலறைக் கொக்கியில."

"வீட்டுல யார் யாரு?"

"நானும் அவரும்தான்." ஒரு நொடி தாமதித்து, "அவரும் இங்கதான் வேலை. மூணாவது மாடியில மாடல் செய்யற பட்டறை. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பது அண்ணி சொல்லிக் கொடுத்த பாடம். கொழுந்தன் எடுத்து வைத்தான். வைத்த கையோடு, அமைதியைக் கலைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான்.

"ஜாடியம்மா, மீன், நண்டு, புழு எதைப் பாத்தாலும் ஒரே வெள்ளையா இருக்கே. மொத்தமா சலவைக்குப் போட்டு எடுத்தீங்களா?"

"ஸ்பிரிட்டுல நிறம் நிக்காது தம்பி. ரெண்டு மாசத்துல எல்லாம் வெளுத்துடும்."

அண்ணி திரும்பி கொழுந்தனைப் பார்த்த பார்வையில், மாதத்துக்கு ஒரு முறை மட்டும் வரும் மரியாதை இருந்தது. ஜாடியம்மாவிடம் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில், இயக்குநரிடம் கேட்டு வாங்கி வந்த ஜாடியைச் சன்னல் திண்டின்மேல் வைத்தார்கள். அண்ணி இடுக்கியால் அந்தச் சிவப்பு இணுக்கை எடுத்துப் பஞ்சில் வைத்து லேசாக அழுத்தினாள். பஞ்சு ரோஜா நிறமானது.

"சாயம்," என்றான் கொழுந்தன்.

"ஒன்பது வருஷம் ஸ்பிரிட்டுல குளிச்ச புழு, ஒரு சொட்டுல சாயம் விடுதுன்னா, அது குளிக்கவே இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப நிஜப் புழுவை வித்தாச்சு. ஜாடியம்மா இதை உள்ள போட்டு..."

"ஜாடியம்மா போட்டிருந்தா வெள்ளையா போட்டிருப்பாங்க. பேராசிரியரும் அப்படித்தான். இது வெளுத்திருக்கும்னு தெரியாத ஆளு, சுவத்துல இருக்கற படத்தை மட்டும் பாத்த ஆளு போட்டது." அண்ணி சுருண்ட காகிதத்தை மெல்ல விரித்தாள். பென்சிலால் எழுதிய சின்ன எழுத்து. "படி."

"பெண் ஒன்று. எலும்புத் துண்டோடு."

"ஸ்பிரிட்டு ஆவியாகும். புழு காயும். எலும்பு எங்கடா போச்சு?"

கொழுந்தன் ஜாடியைக் கவிழ்த்தே பார்த்துவிட்டான். மூன்று நாளாக இத்தனை பேர் இந்த ஜாடியைச் சுற்றி நின்று துக்கம் விசாரித்திருக்கிறார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தோன்றக்கூடிய ஒரே ஆள் ஜாடியம்மா. அவர்தான் எரித்துவிடலாம் என்கிறார்.

"அண்ணி, நாம தேட வேண்டியது புழுவை இல்ல போல."

"ரெண்டும் ஒண்ணுதான். வேர் விட்டிருக்குன்னு நீதானே படிச்ச? எலும்பு எங்கயோ, அது அங்க."

மூன்றாவது மாடிப் பட்டறையின் கதவு தாழிட்டிருந்தது. தட்டியபின், உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு, அதற்கப்புறம்தான் திறந்தது. மாடல்காரர் ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியில் பசை ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் ஆறடி உயரத்தில் அதே புழு நின்றது. ரப்பர் உடம்பு, உச்சியில் சாயம் ஏற்றிய இறகுகளைக் கத்தரித்து ஒட்டிய செந்நிறக் கொண்டை, அடியில் சாம்பல் வெள்ளையில் ஒரு பெரிய எலும்பு. தரையெல்லாம் சிவப்புத் துணுக்கு.

"காட்சிக்கு வைக்கறதுக்குங்களா? ஜம்முனு இருக்கு," என்றான் கொழுந்தன். "கல்யாணப் பொண்ணு மாதிரி."

"நன்றிங்க," என்றார் மாடல்காரர். சிரிக்கவில்லை. மேஜையோரத்து முக்காலியில் போய் உட்கார்ந்தார். இத்தனை பெரிய அறையில், வந்தவர்களுக்கு முதுகு பாதி காட்டி உட்காரும்படியான அந்த முக்காலியை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கொழுந்தன் யோசித்தான்.

அண்ணி மாடலைச் சுற்றி வந்தாள். இறகைப் பார்க்கவில்லை. குனிந்து எலும்பைத்தான் பார்த்தாள்.

"இது ரொம்ப நேர்த்தி. இந்தப் பொடிப் பொடி ஓட்டை, ஓரத்துல அரிச்ச மாதிரி இருக்கறது... எதைப் பாத்துச் செஞ்சீங்க?"

"படத்தைப் பாத்துத்தான். நடையில மாட்டியிருக்கே."

"அதுல எலும்பே தெரியலையே. பூ மூடியிருக்கு."

மாடல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பசை துடைபடவில்லை.

"போன தடவை செஞ்ச எலும்பைப் பேராசிரியர் காஞ்ச ரொட்டின்னு சொன்னார்," என்றார் மெதுவாக. "எல்லார் முன்னாடியும்."

"கோபம் வரத்தான் செய்யும்," என்றாள் அண்ணி. "பிரஷ்ஷெல்லாம் எதுல கழுவறீங்க?"

சம்பந்தமில்லாத கேள்வி என்றுதான் கொழுந்தன் நினைத்தான். ஆனால் மாடல்காரரின் கை, அவருக்கே தெரியாமல், முக்காலிக்குப் பின்னால் இருந்த தகர டப்பாவின் மூடிக்குப் போனது. கதவு திறக்கும் முன் இழுபட்டது எது என்பது இப்போது தெரிந்தது.

"தம்பி," என்றாள் அண்ணி.

கொழுந்தன் போய், "கொஞ்சம் தள்ளிக்கறீங்களாண்ணே," என்று மரியாதையாகக் கேட்டான். அவர் தள்ளிக்கொண்டார். சண்டை போடவில்லை. மூன்று நாளாக அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து களைத்த மனிதர் அவர் என்பது நிற்கும்போதே தெரிந்தது.

டப்பாவுக்குள் மஞ்சள் தட்டிய ஸ்பிரிட். அடியில், கட்டைவிரல் அளவுக்கு ஓர் எலும்புத் துண்டு.

"வெள்ளிக்கிழமை மத்தியானம்," என்றார் மாடல்காரர். யாரும் கேட்கவில்லை. "சாவி அவ பையில இருந்தது. அவ சாப்பிடப் போயிருந்தா. எலும்பை மட்டும் பாத்துட்டுப் பத்து நிமிஷத்துல திருப்பி வச்சுடலாம்னு எடுத்துட்டு வந்தேன். முழங்கை பட்டுடுச்சு. ஜாடி உடையல. மூடி கழண்டு எல்லாம் தரையில. தவழ்ந்து தவழ்ந்து தேடினேன். ஒரு சிவப்பைக்கூடக் காணோம். எல்லாம் அந்தச் சாக்கடைக் குழியில போயிடுச்சு. வெறும் எலும்பை வச்சா, ஒட்டியிருந்த இடம் காலியா தெரியும்னு, எலும்பை இதுல போட்டுட்டு, காஞ்சுபோன மாதிரி இருக்கட்டும்னு ஒரு இணுக்கு இறகை..."

"பொண்டாட்டி வேலை போகுதுன்னு தெரியுமா?"

"திட்டுவாங்க, அதோட விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் சொல்லலாம்னா, சொல்ற வாய் வரல. அவளும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அண்ணி டப்பாவுக்குள் இடுக்கியை விடப் போனாள். அப்புறம் நிறுத்திக்கொண்டாள். "இது எனக்குத் தெரிஞ்ச வேலை இல்ல. போய் அவங்களைக் கூட்டிட்டு வா."

ஜாடியம்மா மூச்சிரைக்க வந்தார். வாசலில் நின்றவர் புருஷனைப் பார்க்கவில்லை. நேரே டப்பாவுக்குப் போய், சின்ன வெள்ளைத் தட்டில் ஸ்பிரிட்டோடு எலும்பை ஏந்தி எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் வைத்துக் குனிந்தார். கொழுந்தனும் எட்டிப் பார்த்தான். எலும்பின் ஓரத்தில், காய்ந்த கோந்துத் துளி போல, நிறமே இல்லாமல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு மெல்லிய நார்கள் அதிலிருந்து மடிந்து கிடந்தன.

"இருக்கு," என்றார் ஜாடியம்மா. "வேர் அசையல. கொஞ்சம் மஞ்சள் ஏறியிருக்கு. புது ஸ்பிரிட்டுல போட்டா போயிடும்."

"இதுவா?" மாடல்காரர் தட்டையும், தான் செய்து நிறுத்திய ஆறடிச் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இதைப் பசைன்னு நெனச்சேன். ஊறிப் போகட்டும்னு போட்டேன்."

"நல்லவேளை, சுரண்டலையே."

அதற்கப்புறம்தான் ஜாடியம்மா அவர் பக்கம் திரும்பினார். அண்ணி சன்னலுக்கு வெளியே எதையோ கவனிப்பது போல நின்றுகொண்டாள். கொழுந்தனுக்கு அந்த நாகரிகமெல்லாம் வராது. அவன் பார்த்துக்கொண்டேதான் நின்றான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் மாடல்காரர்.

"திங்கக்கிழமை, ஜாடியைப் பாத்ததுமே. மூணு வாரமா உங்க சட்டைப் பையைத் தட்டித் தட்டித் துவைக்கறேன். துவைக்கற தண்ணியெல்லாம் ரோஸு. எனக்கு அந்தச் சிவப்பு தெரியாதா?"

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

கீழே வாசலில் கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம். கொழுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே முக்கால். பேராசிரியர்கள் முன்னதாக வந்து அவன் பார்த்ததில்லை, இவர் வந்துவிட்டார்.

இயக்குநர் அறையில் பேராசிரியர் உட்காரவே இல்லை. குள்ளமான, கோட்டுப் போட்ட மனிதர். ஜாடியம்மா நீட்டிய தட்டை வாங்கி, சட்டைப் பையிலிருந்து லென்ஸ் எடுத்து நெடுநேரம் பார்த்தார். வேலைநீக்கத் தாள் மேஜையிலேயே இருந்தது. இயக்குநர் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"இது அதுதான்," என்றார் பேராசிரியர் கடைசியில். லென்ஸை மடித்தார். "ஜாடி காஞ்சுபோச்சுன்னு எனக்கு போன் வந்தது. இது காயவே இல்ல. யாரோ வெளியே எடுத்திருக்காங்க. யாரு?"

அண்ணி வாயைத் திறக்கவில்லை. கொழுந்தனின் முழங்கையை மட்டும் பிடித்து அழுத்தினாள். நீயும் திறக்காதே என்று அர்த்தம். அவனுக்குப் பொறுக்கவில்லை. மணிக்கணக்காகக் கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டிய நேரம் இதுதானே. ஆனால் பிடி தளரவில்லை.

"அலமாரி என் பொறுப்பு," என்றார் ஜாடியம்மா. "சாவியும் என் பொறுப்பு. என் கவனக்குறைவுதான். நான் ஏற்கெனவே..."

இயக்குநர் பெருமூச்சு விட்டு, தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை ஊன்றினார். முதல் எழுத்து விழுந்தது.

"நிறுத்துங்க சார்."

குரல் ஜாடியம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மாடல்காரர் அங்கே நிற்பதையே அதுவரை யாரும் கவனித்திருக்கவில்லை. மனைவியின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றவர், ஓர் அடி பக்கவாட்டில் வைத்து, வெளிச்சத்துக்கு வந்தார். சட்டை முழுக்க சிவப்புத் துணுக்கு.

"எடுத்தது நான். கொட்டினது நான். அந்த இறகை வச்சதும் நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "தெரியும். ஆனா நான் சொல்லுவேன்னு மூணு நாளா காத்துக்கிட்டு இருந்தா," என்றார்.

பேராசிரியர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு எடுத்தீங்க?"

"எலும்பைப் பாக்க. நீங்க ரொட்டின்னு சொன்னீங்க."

பேராசிரியரின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. கோபம் இருந்த இடத்தில் இப்போது லேசான சங்கடம் உட்கார்ந்திருந்தது. இயக்குநர் பாதிக் கையெழுத்தோடு தாளைத் தூக்கி, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தார். அப்புறம் ஒரு புதுத் தாளை எடுத்து மாடல்காரர் முன்னால் வைத்து, நடந்ததை எழுதுங்கள் என்பது போலப் பேனாவை நீட்டினார். மாடல்காரர் வாங்கிக்கொண்டார். எழுதினார்.

அண்ணி இப்போதுதான் கொழுந்தனின் முழங்கையை விட்டாள். அவன் கையைத் தேய்த்தபடி அவள் காதருகே குனிந்தான்.

"நடையில இருக்கற அந்த விளக்கத்தைத் திருத்தச் சொல்லணும் அண்ணி. ஆண் ஒண்ணு வெளிய வந்துடுச்சு."